கூரை வீட்டுக்குத் தீக்காப்பு: உப்புக் கரைசலா, தார் கலந்த மண் பூச்சா?

கீற்றோ வைக்கோலோ வேய்ந்த கூரையைத் தீயிலிருந்து காக்க இரண்டு வழி உண்டு. தீத்தடுப்பு உப்பைக் கரைத்து ஓலையில் ஏற்றலாம். கூரையின் மேல் தார் கலந்த மண்ணைப் பூசலாம். மழையில் நனைகிற கூரைக்கு மண் பூச்சுதான் சரி.

உப்புக் கரைசல் சுலபம். வெங்காரம் (போராக்ஸ்) 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு எடுத்து வெந்நீரில் கரைத்து, வேய்வதற்கு முன்பே ஓலையை முக்கி உலர்த்த வேண்டும். வேய்ந்த பிறகு தெளித்தால் வெளி அடுக்கு மட்டுமே நனையும். உள்ளே காய்ந்த சருகு அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய குறை, கரைந்து ஏறிய உப்பு மழையில் கரைந்தே இறங்கிவிடும். இறங்கியது கண்ணுக்குத் தெரியாது, ஆபத்தே அதுதான். மழைக்காலம் முடிந்ததும் இறவாணத்திலிருந்து (கூரையின் தாழ்ந்த விளிம்பு) நாலு துண்டு ஓலை உருவி, வீட்டை விட்டுத் தள்ளிப்போய்க் கொளுத்திப் பாருங்கள். நெருப்பை விலக்கிய பின்னும் எரிந்துகொண்டே இருந்தால் காப்பு போய்விட்டது.

மண் பூச்சுக்கான அளவு ஐ.எஸ். 13827 என்ற இந்தியத் தர ஏட்டில் இருக்கிறது. மண் வீடுகள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான வழிகாட்டி அது என்பதால், தீக்காப்பைத் தேடுகிறவர்கள் கண்ணில் எளிதில் படாது. 80/100 தரத் தார் 1.5 கிலோவை 15 கிராம் மெழுகுடன் உருக்கி, 300 மில்லி மண்ணெண்ணெயில் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். இப்படி ஊற்றிக் கலப்பதை அடுப்புக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. மண்ணெண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். இந்தக் கலவை 30 லிட்டர் மண் சாந்துக்குப் போதும். 20 முதல் 25 மி.மீ. கனத்தில் பூசினால் 1.2 முதல் 1.5 சதுர மீட்டர் வரும். காய்ந்ததும் சாணமும் அதே தார் கலந்த சாந்தும் சம பங்கு கரைத்து இரண்டு தடவை பூசினால் மயிரிழை வெடிப்புகள் அடைபடும். பறந்து வந்து விழும் நெருப்புப்பொறி ஓலையைத் தொடாது.

முதலில் கணக்குப் போட வேண்டியது எடையை. 25 மி.மீ. பூச்சு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ. 20 சதுர மீட்டர் கூரையில் 800 கிலோ ஏறும். நைந்த மூங்கில் கைமரம் இதைத் தாங்காது. மரத்தை மாற்றிவிட்டுத்தான் பூச வேண்டும். ஓலை ஈரமாக இருக்கும்போது பூசினால் அடியில் மக்கிப்போகும். சரிவு மிகுந்த கூரையில் சாந்து வழுக்கலாம் என்பதால் ஒரு மூலையில் பூசி, ஒரு மழை பார்த்துவிட்டு மீதியைச் செய்வது நல்லது. அடிக்கடி கீற்று மாற்றுகிற வீட்டில் பூச்சு ஒவ்வொரு முறையும் உடைந்து வீணாகும். அங்கே மட்டும் உப்புக் கரைசலில் முக்கியெடுத்த கீற்றுக்கே என் ஓட்டு.

மேலே பூசிய மண், கீழே அடுப்பிலிருந்து எழும் தீயைத் தடுக்காது. கூரையின் அடிப்பக்கத்தில் மழை படாததால் உப்பு அங்கே நிற்கும். ஆகவே அடுப்பங்கரைக்கு நேர் மேலே உள்ள ஓலைக்கு அடியிலிருந்து உப்புக் கரைசல் தெளியுங்கள். மின்கம்பி ஓலையைத் தொடாதபடி குழாய்க்குள் போகட்டும்.