தெலுக் ஆயர் 'பழைய கடற்கரை' நடை: 38 வெள்ளி கொடுத்துப் போகலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் காலை நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், கடைசி அரைமணி நேரத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

வார இறுதிகளில் சிங்கப்பூரில் ஒரு சின்னக் குழு முழுக்க முழுக்கத் தமிழிலேயே நடத்தும் நடை இது. ஆன் சியாங் குன்றில் ஆரம்பித்து, தெலுக் ஆயர் ஸ்திரீட், பழைய சந்தைக் கட்டடமான லாவ் பா சாட், ராஃபிள்ஸ் பிளேஸ், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள போட் கீ என்று சுற்றி, அங்கிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து மரினா அணைக்கட்டில் முடிக்கிறார்கள். குறைகளும் எழுதப்போவதால் குழுவின் பெயரை இங்கே போடவில்லை, வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், இணைப்பை அனுப்புகிறேன்.

சிங்கப்பூரில் மரபுடைமை நடைகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: கட்டடத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள், கட்டிய ஆண்டைச் சொல்வார்கள், நாம் படம் எடுப்போம், அடுத்த கட்டடம். இங்கே வழிகாட்டித் தம்பி முதல் இருபது நிமிடம் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஆன் சியாங் குன்றின் படிகளில் இறங்கச் சொன்னார், ஏமாய் ஸ்திரீட்டைத் தாண்டச் சொன்னார், தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு வந்ததும், "இப்ப சாலையைக் கடந்து அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து பாருங்க, கால்ல ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்றார். எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. குழுவில் இருந்த ஒரு பெரியவர்தான் சட்டென்று சொன்னார்: "முட்டி சொல்லுது தம்பி. இறக்கம் இங்கயே முடிஞ்சுபோச்சு. அங்கிட்டு எல்லாம் ஒரே மட்டம்."

அவ்வளவுதான் விஷயம். குன்றிலிருந்து இறங்கிவரும் நிலம் தெலுக் ஆயர் ஸ்திரீட்டோடு முடிகிறது, ஏனென்றால் அங்கேதான் கடல் இருந்தது. அதற்கு அப்பால் சிசில் ஸ்திரீட், ராபின்சன் ரோடு, ஷென்டன் வே எல்லாம் கொட்டிய மண்மேல் நிற்பவை. நான் அந்தப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு அந்தச் சாலையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், ஒரு நாள்கூட அப்படி யோசித்ததில்லை.

இந்த இறக்கம் புரிந்த பிறகு அந்தத் தெருவே வேறு மாதிரி தெரிகிறது. நாகூர் தர்கா (1828 முதல் 1830 வரை கட்டியது), சில அடி தள்ளி தியன் ஹொக் கெங் சீனக் கோவில் (1839 முதல் 1842 வரை), அந்தப் பக்கம் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று நம் ஆட்கள் அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல். இப்போது பார்த்தால் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இவை ஏன் ஒரே வரிசையில் இருக்கின்றன என்று தோன்றும். அன்றைக்குப் படகிலிருந்து இறங்கினால் முதலில் கால் படும் கரை இதுதான். வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்துச் சீனாவிலிருந்து வந்தவர் கடல் தெய்வமான மாசூவுக்கு நன்றி சொன்னார், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர் நாகூர் ஆண்டவரை நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் கும்பிட்டது உயிரோடு கரை சேர்ந்ததற்காகத்தான்.

என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த தகவல். (உட்கார இடம் எங்கே, நின்றுகொண்டேதான்.) சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோவிலுக்கு ஆங்கிலேயர் முதலில் ஒதுக்கிய இடம் இதே தெலுக் ஆயர் கரையில்தானாம். 1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளைதான் கோவிலுக்காக அலைந்தவர். கடற்கரையில் இடம் கிடைத்தும் அது சரிப்படவில்லை, காரணம் நல்ல தண்ணீர் வசதியில்லை. அபிஷேகத்துக்கும் பூசைக்கும் உப்புத் தண்ணீரை வைத்து என்ன செய்வது? 1821-இல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்ப் பக்கம் ஓர் இடம் கொடுத்தார்கள், அதுவும் ஒத்துவரவில்லை, மறு ஆண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் அந்த நிலம் வேறு காரியத்துக்குப் போய்விட்டது. கடைசியில் 1823-இல்தான் இப்போதைய இடம் கிடைத்தது, 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்துக் கோவில் எழுந்தது. தீமிதிக்கு விடிய விடிய வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேருக்கு, அம்மன் அங்கே குடிகொண்டதில் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரியும்? இந்த ஒரு பகுதிக்கே 38 வெள்ளி தகும் என்பேன்.

லாவ் பா சாட்டும் இதே கதைதான். முதல் தெலுக் ஆயர் சந்தை தண்ணீரை ஒட்டியே இருந்தது, படகிலிருந்து நேராகச் சரக்கை இறக்கலாம். 1879-இல் குடாவைத் தூர்க்கத் தொடங்கினார்கள், வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணைக் கடலில் போட்டார்கள், கரை நகர்ந்ததும் சந்தையும் பின்னாலேயே நகர்ந்து 1894-இல் இப்போதைய இடத்துக்கு வந்துவிட்டது. கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்த அந்த இரும்புத் தூண்களைச் சாத்தே புகைக்கு நடுவே யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, இங்கே பார்க்க வைக்கிறார்கள். எண்கோண வடிவம் கட்டடக் கலைஞர் கோல்மன் 1838-இல் கட்டிய பழைய சந்தையிலிருந்து வந்ததாம்.

சரி, குறைக்கு வருகிறேன். குன்றை வெட்டினார்கள், கடலைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள் என்று தம்பி அடுக்கிக்கொண்டே போகிறார். யார்? மண்ணை யார் சுமந்தது? திட்டம் போட்டவர்களின் பெயர்கள் மட்டும் துல்லியமாக வருகின்றன. போட் கீ பக்கம் 1822-இல் சதுப்பைத் தூர்க்க, இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்திலிருந்த குன்றை வெட்டியபோது, சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று கூலியாட்கள் திரண்டு மண் சுமந்ததை, அந்தக் காலத்து மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதிவைத்திருக்கிறார். 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள், 1873-இல் கைதிகள் முகாம் மூடப்படும்வரை இந்தத் தீவின் தரையில் அவர்கள் கை படாத இடம் குறைவு. தமிழில், தமிழர்களுக்காக நடத்தும் ஒரு நடையில் இதற்கு இரண்டு நிமிடம் கூடவா இல்லை? கேட்டேன். "நேரம் பத்தலக்கா, அடுத்த தடவை சேர்த்துடறோம்" என்றார். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் நிலத்தையும் மனிதரையும் பற்றிய நடை என்று விளம்பரம் செய்துவிட்டு மனிதரில் இந்த வகையை மட்டும் விட்டுவிடுவது சரியில்லை, அதனால்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளைப் பற்றி நின்று பேச ஒன்றுமில்லை, 1970-களிலேயே இடித்துவிட்டார்கள், ஆற்றங்கரை வணிகர்களுக்கு எட்டும் தூரத்தில் கடை போட்டார்கள் என்பதோடு நகர்ந்துவிட்டோம்.

போட் கீயில் பேச்சைப் பெரியவரே எடுத்துக்கொண்டார், தம்பியும் சமர்த்தாக விட்டுக்கொடுத்தார். "அப்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பாலத்தைத் தாண்டுவோம், தண்ணி கறுப்பா இருக்கும்" என்றார். மேட்டுப் பகுதியில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும், கரையில் சாலையோரக் கடைகளும் பட்டறைகளும், ஆறு முழுக்கத் தொங்காங், துவாக்கோ என்ற சரக்குப் படகுகளும். ஆரம்ப காலத்தில் அந்தச் சரக்குப் படகுகளில் நம் தென்னிந்திய முஸ்லிம்கள்தான் அதிகம், பின்னால் அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. 1977-இல் லீ குவான் இயூ ஆற்றைச் சுத்தம் செய்யப் பத்தாண்டு கெடு வைத்தார், 1983-இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள், 1987-இல் வேலை முடிந்தது. ஆறு பிழைத்தது, ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் வேறு இடம் தேடினார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள், பூசி மெழுகவில்லை. அது பிடித்தது.

மரினா அணைக்கட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆறு நாறிக்கொண்டே இருந்திருந்தால் அதன் வாயில் அணை கட்டிக் குடிநீர் எடுக்க முடியுமா? 2008-இல் திறந்த இந்த 350 மீட்டர் அணைக்குப் பின்னால் சிங்கப்பூரின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை வந்து சேர்கிறது. கனமழை பெய்யும்போது கடல் வற்றத்தில் இருந்தால் ஒன்பது மதகுகளைத் திறந்துவிடுகிறார்கள், கடல் பொங்கியிருந்தால் மதகைத் திறக்க முடியாது, ஏழு பெரிய பம்புகள் தண்ணீரை வெளியே தள்ளும். சைனாடவுன், ஜாலான் புசார், கேலாங் போன்ற பள்ளமான பகுதிகள் முன்புபோல் மூழ்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இங்கே வந்து சேரும்போது குழுவே களைத்துப்போகிறது. மேல்தளப் புல்வெளியில் நிழல் கிடையாது, குழந்தைகள் பட்டம் விடும் பக்கம் ஓடிவிடுகிறார்கள், தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். நியாயமாகப் பார்த்தால் இனிமேல் நடக்கப்போவதைப் பேச வேண்டிய இடம் இதுதான். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கரையைக் காக்க நூறாண்டில் 100 பில்லியன் வெள்ளிவரை ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் சொன்னார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே 800 ஹெக்டர் அளவில் கடலைத் தூர்த்துக் கரையைக் காக்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை 2023-இல் அறிவித்தார்கள். இவ்வளவையும் ஐந்தே நிமிடத்தில் ஒப்பித்துவிட்டு நன்றி வணக்கம் என்றால் எப்படி?

அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளும் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி கேட்டாள் பாருங்கள்: "அண்ணா, நம்ம நிலம் 580 சதுர கிலோமீட்டர்ல இருந்து 730-க்கு மேல போயிருக்குன்னா, அவ்வளவு மணல் எங்க இருந்து வந்துச்சு?" தம்பி மழுப்பவில்லை. முதலில் நம் குன்றுகள், பிறகு அண்டை நாட்டு மணல், மலேசியா 1997-இலும் இந்தோனேசியா 2007-இலும் ஏற்றுமதியை நிறுத்தின என்றார். அங்கே கடலடியைத் தோண்டினால் அங்குள்ள மீனவர்களுக்கும் கரைக்கும் என்ன ஆகும் என்ற பேச்சு அப்போதுதான் சூடு பிடித்தது, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

சில்லறை விஷயங்கள்: தம்பி காட்டும் பழைய வரைபடம் நல்ல யோசனை. கண்ணாடித் தாளில் அச்சடித்த அன்றைய கரைக்கோட்டை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துக் காட்டுகிறார், ஆனால் எழுத்து பொடிப்பொடி, வெயிலில் பளபளத்து ஒன்றும் தெரியவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்தால் என்ன? கையடக்க ஒலிபெருக்கி சிசில் ஸ்திரீட் கட்டுமானச் சத்தத்தில் தோற்றுப்போகிறது, முன்னால் நின்றுகொள்ளுங்கள். எம்ஆர்டி கட்டணம் உங்கள் பொறுப்பு என்பதைப் பதிவுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். மழை வந்தால் பணம் திரும்ப வராது, வேறு தேதிக்கு மாற்றித் தருகிறார்கள், அது பரவாயில்லை. முட்டிவலி உள்ளவர்கள் படியைத் தவிர்த்து தெலுக் ஆயர் எம்ஆர்டி பக்கம் வந்து சேர்ந்துகொள்ளலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் காத்திருக்கிறார்கள். முடித்துவிட்டு ஏமாய் ஸ்திரீட் உணவங்காடியில் சாப்பிடலாம் என்று திட்டம் போடாதீர்கள், வார இறுதியில் அங்கே பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அணைக்கட்டுப் பகுதியைத் தனி நடையாகப் பிரித்து, தெலுக் ஆயர் பகுதியில் மண் சுமந்தவர்களுக்கும் இடம் கொடுத்தால் நாலரை தருவேன். 1966-இல் தொடங்கி மண் கொட்டிய காத்தோங், ஈஸ்ட் கோஸ்ட் பக்கத்துக்கும் ஒரு நடை தயாராகிறதாம். அதற்கு அந்தப் பெரியவரையே வழிகாட்டியாகப் போட்டால் முதல் ஆளாகப் பதிவு செய்வேன்.