கபேஜ்டவுன் பழைய வீடா, மார்க்கம் புது வீடா?

ரொறன்ரோவில் வீடு பார்க்கும் நம்மவர்களிடம் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் வடக்குப் புறநகரான மார்க்கம் என்பார்கள். கராஜ், பெரிய சமையலறை, விசாலமான பேஸ்மென்ட். இதிலெல்லாம் நகர மையத்தை ஒட்டிய பழைய குடியிருப்புப் பகுதியான கபேஜ்டவுன் போட்டிக்கே வராது. இருந்தும் நாங்கள் வாங்கியது கபேஜ்டவுனில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. “தமிழாக்கள் இல்லாத இடம்” என்றார் மாமா. ஆனால் எண்பதுகளில் நம்மவர்கள் வந்திறங்கிய சென்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகள் கூப்பிடு தூரத்தில்தான் நிற்கின்றன.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற சாந்து. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, பூசியது சுண்ணாம்புச் சாந்து. சுவர் குடித்த மழைநீர் அந்த இடுக்குகள் வழியாகவே காய்ந்து வெளியேறும். அங்கே சிமென்ட்டை அடைத்தால் ஈரம் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். எங்களிடம் மலிவாக விலை சொன்ன ஒருவர், “சிமென்ட்தான், எல்லாரும் அதுதானே போடுகிறார்கள்” என்றார். சரி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டோம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கூலி அதிகம்தான். வீடு பார்க்கும்போது சாவியால் இடுக்கைச் சுரண்டுங்கள்: மாவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தால் சிமென்ட்டாக இருக்கலாம், பீலிக்குழாய் இறங்கும் இடத்துக் கற்களை நன்றாகப் பாருங்கள். பழைய வயரிங் இருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புது வீட்டில் இந்தத் தலைவலி இல்லை. பெரிய கட்டுமானக் குறைகளுக்கு ஒன்ராறியோவில் 7 வருட உத்தரவாதமும் உண்டு.

கபேஜ்டவுனில் பெரும்பகுதி பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரம். தெருவிலிருந்து தெரியும் முகப்பை மாற்ற நகராட்சி அனுமதி வேண்டும், உள்ளே உங்கள் இஷ்டம். சிலருக்கு இது தொல்லை. எனக்கு இதுவே காப்பு. அசல் கபேஜ்டவுனின் பெரும்பகுதியை 1940களின் கடைசியில் ரீஜன்ட் பார்க் என்ற அரசுக் குடியிருப்புக்காக இடித்துவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் இருப்பது அதற்கு வடக்கே இருந்த டான் வேல் என்ற பகுதி.

மறுவிற்பனை பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, இன்னும் விற்கவில்லை. ஒன்று மட்டும்: இந்த வீடுகளின் படிக்கட்டு குறுகலானது, செங்குத்தானது. முழங்கால் வலியோடு அம்மா கூட இருந்தால் மார்க்கத்தையே பாருங்கள்.