மூணு வருஷமாகப் பார்க்கிறேன், ஆறாதது அந்த 30 விநாடிதான்

முத்தியால்பேட்டையில் பேண்ட் வைத்திருக்கும் தம்பி நேற்று போன் போட்டான். "அண்ணே, ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல எந்த நம்பரைப் பாக்கணும்? கஃபேல மந்த்லி லிசனர் எவ்ளோன்னு கேக்குறாங்க." ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் போடுபவர்களுக்கு, அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் ஆப் அது. மூணு வருஷமாகப் பல் விளக்கும் முன்னே அதைத் திறப்பவன் நான். வேறு யாரைக் கேட்பான்?

தம்பி, அது மாசக் கணக்கு இல்லை. கடைசி 28 நாளில் கேட்ட ஆட்களின் எண்ணிக்கை. ஒருத்தரே நூறு தடவை கேட்டாலும் ஒன்றுதான். புது நாள் ஒன்று சேரும்போது பழைய நாள் ஒன்று கழியும். பிளேலிஸ்ட்டில் ஏற்றித் தருகிறேன் என்ற ஒரு ஆளுக்குப் போன வருஷம் 1,500 ரூபாய் அழுதேன். 140 இருந்தது 2,300 ஆனது. மஞ்சக்குப்பத்தில் எல்லோருக்கும் என் செலவில் டீ, சமோசா. பாட்டை சேவ் செய்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் என் மச்சான். அடுத்த மாசம் 160.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. 30 விநாடி ஓடினால்தான் அங்கே ஒரு ஸ்ட்ரீம். என் பாட்டில் முதல் 38 விநாடி வெறும் அலைச் சத்தம். சில்வர் பீச்சில் விடிகாலை, போனைத் துண்டில் சுற்றி மணலில் வைத்துப் பிடித்தது. 31-ஆவது விநாடியில் ஓடிப்போனவரும் கணக்கில் ஏறிவிடுகிறார், என் குரலையே கேட்காமல்! அந்தப் பாட்டின் எண்ணில் எனக்கு எவ்வளவு, தேவனாம்பட்டினம் கடலுக்கு எவ்வளவு? தளத்தைக் குறை சொல்ல முடியாது, எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். ஆனாலும் எரிகிறது. மிக்ஸிங் செய்தவர் இன்ட்ரோவை வெட்டச் சொல்லி அலுத்துவிட்டார்.

பார்க்க வேண்டியது வேறு. ஸ்ட்ரீமை லிசனரால் வகுத்துப் பார். யாரும் சீண்டாத என் பழைய தாலாட்டு ஒன்றுக்குப் போன 28 நாளில் 22 பேர், 190 ஸ்ட்ரீம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை தூங்குகிறதோ, அந்தக் கணக்கு வரி ஒன்றுக்காகவே மூணு வருஷமும் தகும்.

ரிலீஸுக்கு 7 நாளாவது முன்னால் அந்த ஆப்பிலேயே பிட்ச் பண்ணிவிடு, அதாவது பிளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லி ஸ்பாட்டிஃபைக்குப் பாட்டை அனுப்பிவிடு. ஃபாலோயர்களின் ரிலீஸ் ரேடாரில், அதாவது புதுப் பாட்டுகளுக்கான பிளேலிஸ்ட்டில், பாட்டு வந்துவிடும். அதன்பிறகு ஒரு வாரம் போனை அம்மாவிடம் கொடுத்துவிடு. கஃபேக்காரரிடம் நம்பர் சொல்லாதே, கிட்டாரை எடுத்துக்கொண்டு போ.

என் அடுத்த பாட்டுக்கு இன்ட்ரோ 52 விநாடி.