கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் நம்பாதீர்கள்: கேமரா பை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஊட்டியிலோ குன்னூரிலோ கேமராவுக்குத் தோள்பை வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் பையை மேசையில் படுக்க வைத்து, மூடியின் மேல் அரை பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்து, "பாருங்கண்ணா, ஒரு சொட்டாவது நிக்குதா?" என்று கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்யுங்கள். அந்த வித்தையைக் காட்டித்தான் என்னிடம் 2,800 ரூபாய் வாங்கினார்கள். இப்போது லென்ஸைச் சரிசெய்ய பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று கோவையில் சொல்லியிருக்கிறார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். பையைப் பற்றிச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

நான் கோத்தகிரிக்காரன். கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று படம் எடுப்பதுதான் பிழைப்பு. இந்த வேலைக்கு முதுகுப்பை ஒத்துவராது. கூட்டத்துக்கு நடுவே லென்ஸ் மாற்ற வேண்டும் என்றால் பையைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும், நம் ஊரில் கீழே எப்போதும் ஈரம். தோள்பை என்றால் இடுப்புக்கு முன்னால் இழுத்து, மூடியைத் தூக்கிக் கையை விட்டால் வேலை முடிந்தது. ஒரு கேமரா பாடி, 24-70, 70-200 என்று இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் நான்கு கிலோவைத் தொடும். அந்த எடை முழுக்க ஒரே வாரில், இரண்டே கொக்கியில் தொங்குகிறது.

கடையில் நான் முதலில் கேட்டதே மழையைப் பற்றித்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வெளுத்து வாங்கும். கூடலூர், தேவாலா பக்கம் ஆனி, ஆடியில். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று அலைகிறவனுக்கு வருடத்தில் பாதி மழைக்காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது நினைவிருக்கும். அந்த அளவு மழைக்கு யாரும் பை கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை நடக்கும் நேரத்துக்குத் தாங்கினால் போதும் என்றேன். "அண்ணா, ஆத்துல போட்டு எடுத்தாலும் உள்ளே போகாது" என்று சொல்லிவிட்டு பாட்டிலைத் திறந்தார். (நீலகிரியில் தடை செய்த அதே பிளாஸ்டிக் பாட்டில்தான். அதையாவது பார்த்துச் சுதாரித்திருக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள்.)

தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஏன் ஓடியது என்பதை இப்போது சொல்கிறேன். இந்தப் பைகளின் துணி பாலியெஸ்டர். வெளிப்பக்கம் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு, உள்பக்கம் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பூச்சு. புதுப் பையில் இரண்டும் புதிதாக இருக்கும், தண்ணீர் ஓடத்தான் செய்யும். இருநூறு ரூபாய்க் குடையிலும் ஓடும். மழை பைக்குள் துணி வழியாக நுழைவது குறைவு. ஜிப் வழியாகவும், தையல் ஊசி குத்திய ஓட்டைகள் வழியாகவும், மூடி சரியாக உட்காராத இரண்டு மூலைகள் வழியாகவும்தான் நுழைகிறது. கடைக்காரர் ஜிப் பக்கம் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. மூடியின் நட்டநடுவில், தையலே இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றினார். தெரியாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, கை அவ்வளவு பழக்கமாகப் போனது.

அடுத்தது ரெயின் கவர். நல்ல பைகளில் அடியில் ஒரு சின்ன அறை இருக்கும், அதற்குள் மடித்து வைத்த கவர் இருக்கும். மழை வந்தால் இழுத்து மாட்டிவிடலாம். இந்தப் பையிலும் அடியில் ஜிப் வைத்த அறை இருந்தது, மேலே குடை படம்கூட அச்சிட்டிருந்தார்கள். திறந்தால் காலி. "கவர் தனியா வரும்ணா, அடுத்த வாரம் ஸ்டாக் வந்ததும் போன் பண்றேன்." அந்தப் போன் இன்றுவரை வரவில்லை. அப்படியொரு கவரைத் தயாரித்தார்களா என்பதே சந்தேகம்.

ஜூலையில் தேவாலா பக்கம் ஒரு கல்யாணம். ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கும் பஸ்ஸில் போனேன். பையை மடியில்தான் வைத்திருந்தேன், அதுவரை குறையில்லை. கூடலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நடந்தபோது மழை பிடித்தது. குடை என் தலைக்குச் சரியாக இருந்தது, இடுப்பில் தொங்கும் பைக்குச் சாரல் முழுக்கக் கிடைத்தது. மண்டபத்தில் போய்த் திறந்தபோது ஜிப் ஓடும் கோடு நெடுக உள்ளே ஈரம். நடுவில் லென்ஸ்களைப் பிரிக்கும் தடுப்புகளைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. இதுதான் கொடுமையான பகுதி. நல்ல பையில் அடைக்கிற ஃபோம் நெருக்கமானது, தண்ணீரைக் குடிக்காது. இதில் வைத்திருந்தது மெத்தைக் கடை ஸ்பாஞ்ச். உள்ளே வந்த கொஞ்சம் தண்ணீரையும் உறிஞ்சி, லென்ஸைச் சுற்றிக் கட்டிப் பிடித்து வைத்திருந்தது. பையே இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தால் துடைத்திருக்கலாம்.

அன்றைக்கு அதோடு விடவில்லை. திரும்பும்போது கூடலூர் பஸ் ஸ்டாண்ட் படியில் வாரின் கொக்கி 'டக்' என்று விட்டுக்கொண்டது. பை சிமென்ட்டில் விழுந்தது. 70-200 மூக்கு கீழே, ஃபில்டர் வளையம் நெளிந்துவிட்டது, ஜூம் வளையம் பாதியில் இறுகி நிற்கிறது. உடைந்த கொக்கியை வெளிச்சத்தில் பார்த்தேன். வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து எஃகு போலக் காட்டியிருக்கிறார்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக இருந்தது. அச்சில் ஊற்றிய துத்தநாகக் கலவை. இழுத்தால் வளையாது, ஒரேயடியாக உடையும். இதைவிட நல்ல தரமான பிளாஸ்டிக் கொக்கி எவ்வளவோ மேல். பையின் அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டதைப் பிரித்துப் பார்த்தால் வெறும் அட்டை, ஊறிப்போய் நனைந்த அப்பளம் போல விரலோடு வந்தது.

உடைந்த பையோடு கடைக்குப் போனேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலில் என்னை அடையாளமே தெரியவில்லை என்றார். அப்புறம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழைக்குள்ள கொண்டுபோனா எந்தப் பையும் இப்படித்தாங்க ஆகும்" என்றார்.

"மழைக்குத்தானேங்க வாங்கினேன்? ஆத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் துணியைச் சொன்னேங்க. ஜிப்பைச் சொல்லல."

ஒரு வருட வாரண்டி என்று வாயால் சொன்னது எங்கே என்று கேட்டேன். பில்லைக் காட்டச் சொன்னார். பில் என்று அவர் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட வெள்ளைத் துண்டு, அதில் கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, 'பேக் 1' என்று மட்டும் கிறுக்கியிருந்தது. கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'. பையில் தொங்கிய அட்டையிலும் பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் லோகோவைத் தவிர வேறு எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் இவ்வளவும் அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. எதுவும் இல்லாத அட்டை என்றாலே அந்த லோகோ போலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை கேட்கலாம். எனவே அந்த 'திரும்பப் பெறப்பட மாட்டாது' வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன். புகார் எண் கொடுத்தார்கள், கடைக்காரர் பதிலே போடவில்லை. அப்புறம் கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பையின் விலையோடு லென்ஸ் பழுதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

எஸ்டிமேட் துண்டு சாட்சிக்கு உதவாது என்று கடைக்காரர் நினைத்திருப்பார். நான் ஜிபே போட்டிருந்தேன், தேதியும் தொகையும் வங்கிக் கணக்கில் இருக்கிறது. பணம் போன கணக்கு வேறொருவர் பெயரில் இருந்ததைப் பின்னால்தான் கவனித்தேன், அதையும் மனுவில் எழுதியாயிற்று. ரொக்கமாகக் கொடுத்தால் சுமாராக ஐம்பது ரூபாய் குறைப்பதாகச் சொன்னதும் இதற்காகத்தான் போலும்.

இனி நீங்கள் கடையில் செய்ய வேண்டியது. காலிப் பையைத் தோளில் மாட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. உங்கள் கேமராவையே கொண்டுபோய் அடுக்குங்கள், வாரில் பிடித்துத் தூக்கி இரண்டு முறை உதறுங்கள். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்க வேண்டும். ஒரே கோடாகத் தைத்திருந்தால் அந்தப் பை அரிசி வாங்கத்தான் ஆகும். தடுப்பைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள்: உடனே எழுந்து நிற்க வேண்டும், குழி விழுந்தபடி இருந்தால் வேண்டாம். மூடி உங்கள் உடம்பை விட்டு வெளிப்பக்கம் திறந்தால் திறந்த கையோடு மழை உள்ளே விழாமல் இருக்காது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் லென்ஸ் எடுக்க அதுதான் வசதி, என் ஓட்டு அதற்கே. ரெயின் கவர் கையில் கிடைக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்துவிட்டு ஜிப்பின் மேல் ஊற்றச் சொல்லுங்கள். நான் அதற்கப்புறம் போன ஒரு கடையில் அப்படிக் கேட்டதும் "அது டிஸ்ப்ளே பீஸுங்க" என்று பையைப் பறித்து உள்ளே வைத்தார்கள்.

பை நனைந்துவிட்டால் கேமராவை அதிலேயே விட்டுவைக்காதீர்கள். பூஞ்சைக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் போதும், மழைக்காலத்தில் நம் வீடுகளுக்குள் எந்நேரமும் அதற்கு மேல்தான். என் 24-70-இல் சில வாரங்களிலேயே உள்ளே நூல் நூலாகப் படர்ந்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயிலுக்கு எங்கே போவது? காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. மானியில் 40-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பிளாஸ்டிக் கவர் வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் தடை இருப்பதால் நம் மாவட்டத்துக் கடைகளில் அது கிடைக்காது. வாய் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்று வாங்கிப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள், நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

கடைசியாக, அந்தப் பையின் அடையாளம். கறுப்பு வெளித்துணி, உள்ளே ஆரஞ்சு. முன்பக்கம் இரண்டு அறை, பக்கவாட்டில் வலைப்பை. அடியில் குடை படம் போட்ட காலி அறை. வாரின் கொக்கியை நகத்தால் சுரண்டினால் கறுப்புப் பெயின்ட் உரியும். லோகோ மாறிக்கொண்டே இருக்கிறது: போன வாரம் கொடைக்கானல் போயிருந்தபோது ஏரிப் பக்கம் ஒரு கடையில் இதே பை வேறு கம்பெனிப் பெயரோடு 3,200 ரூபாய்க்குத் தொங்கியது, கொக்கியைச் சுரண்டிப் பார்த்தேன், அதேதான்.