லாக்கா, ரெடிமேட் கலரா? சொந்தப் படம் எடுக்கிறவர்களுக்கான மிரர்லெஸ் செட்டிங் அலசல்

மிரர்லெஸ் கேமராவின் வீடியோ மெனுவைத் திறந்தால் எஸ்-லாக்3, ஆல்-இன்ட்ரா, 4:2:2 என்று வரிசைகட்டி நிற்கும். இருப்பதிலேயே பெரிய எண் எதுவோ அதைத் தட்டிவிட்டு ஷூட்டிங்குக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். சொந்தக் காசில் படம் எடுக்கிறவர் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இந்த ஃபுட்டேஜை யார் கலர் செய்யப் போகிறார்கள், எந்தக் கம்ப்யூட்டரில்? இதற்குப் பதில் இருந்தால் மெனுவில் பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

பெரிய சண்டை லாக்குக்கும் ரெடிமேட் கலருக்கும்தான். லாக் என்பது சென்சார் பிடிக்கிற வெளிச்ச வித்தியாசம் முழுவதையும் சப்பென்று, சாம்பல் பூத்த மாதிரி ஒரு படமாகச் சுருக்கி எழுதிவைப்பது. சோனியில் எஸ்-லாக்3, பானாசோனிக்கில் வி-லாக், கேனனில் சி-லாக், நிக்கானில் என்-லாக். இந்தப் பக்கம் எஸ்-சினிடோன் மாதிரி ப்ரொஃபைல்கள் இருக்கின்றன. அவற்றில் கலரும் கான்ட்ராஸ்டும் கேமராவிலேயே முடிந்துவிடும், எடிட்டில் லேசாகத் தட்டிக்கொட்டினால் போதும்.

ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், வெளியே உச்சி வெயில், உள்ளே விளக்கே போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரெடிமேட் ப்ரொஃபைலில் முகத்தைக் காப்பாற்றினால் ஜன்னல் வெளுத்துப்போகும், ஜன்னலைக் காப்பாற்றினால் முகம் இருண்டுவிடும். லாக்கில் இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்து அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் படம் நான்கு சுவருக்குள், நீங்களே வைத்த விளக்கில் இரண்டு பேர் பேசுவதுதான் என்றால் லாக்கால் பெரிய லாபம் எதுவும் இல்லை, வேலைதான் கூடும்.

இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிற இன்னொரு விஷயம் பிட் கணக்கு. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் லாக் இந்தப் படிகளை எப்படிச் செலவழிக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எஸ்-லாக்3-ல் முழுக் கறுப்பு 1023-க்கு 95-ல் உட்காருகிறது, வெள்ளைக் காகிதம் 598-ல். ஹைலைட்டுக்காக (படத்தின் மிகப் பளிச்சென்ற பகுதிகளுக்காக) மேலே அவ்வளவு இடத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். அதாவது 10 பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சுமார் 500 படிகள் கிடைக்கும், அதையே 8 பிட்டில் எடுத்தால் ஏறக்குறைய 125-தான். அந்த 125-ஐக் கிரேடிங்கில் (எடிட்டில் கலர் சரிசெய்யும் வேலையில்) இழுத்து விரித்தால், நடிகருக்குப் பின்னால் இருக்கிற வெறும் சுவரும் அந்தி வானமும் பட்டை பட்டையாக உடையும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். அதனால் என் கட்சி இதுதான்: முதலில் 10 பிட், அப்புறம்தான் லாக். ஏ7 III மாதிரி 8 பிட்டில் மட்டுமே பதிவு செய்கிற கேமரா பாடி கையில் இருந்தால், மெனுவில் லாக் இருந்தாலும் அதைத் தொடாமல் ரெடிமேட் ப்ரொஃபைலில் விளக்கைச் சரியாக வைத்து எடுங்கள். 10 பிட் ரெடிமேட் 8 பிட் லாக்கைவிட எவ்வளவோ மேல்.

லாக் எடுப்பவர் கூடவே சில பழக்கங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்-லாக்3-ல் சாம்பல் அட்டை (வெளிச்சம் அளக்க ஷாட்டில் பிடிக்கிற அட்டை) 41 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பது கணக்கு, ஆனால் நிழல் பகுதியில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான அழுக்கு) எட்டிப்பார்ப்பதால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி எடுப்பதுதான் வழக்கம். ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுகிற உணர்திறன்) இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. ஏ7எஸ் III-ல் எஸ்-லாக்3-க்கு அடிப்படை ஐஎஸ்ஓ (நாய்ஸ் குறைவாக நிற்கிற இடம்) 640, 12800 என்று இரண்டு உண்டு. 6400-ல் தெரிகிற நாய்ஸைவிட 12800-ல் படம் சுத்தமாக இருக்கும். கேட்டால் நம்ப மாட்டார்கள், எடுத்துப் பார்த்தால் தெரியும். பானாசோனிக் எஸ்5-ல் வி-லாக்குக்கு அந்த ஜோடி 640, 4000. அப்புறம் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி. நல்ல வெயிலில் எஃப் 2.8, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 640 என்றால் எட்டு ஒன்பது ஸ்டாப் வெளிச்சத்தை வெட்டியாக வேண்டும். ஐஎஸ்ஓ 100-ல் இறங்குகிற ரெடிமேட் ப்ரொஃபைலுக்கு ஆறு போதும். லாக் என்று முடிவெடுத்தால் பட்ஜெட்டில் ஒரு நல்ல என்டிக்கு இடம் விட்டுவிடுங்கள், மட்டமான வேரியபிள் என்டி (திருகி அடர்த்தியை மாற்றுகிற வகை) படத்தின் நடுவே எக்ஸ் மாதிரி ஒரு கறையைப் போட்டுவிடும்.

அடுத்தது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்குகிற முறை. இங்கே பொதுப்புத்தி தலைகீழாக வேலை செய்யும். பெரிய ஃபைல் என்றால் கம்ப்யூட்டர் திணறும் என்று நினைப்போம், ஆனால் ஆல்-இன்ட்ராவில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசாக இருப்பதால் டைம்லைனில் ஓட்டுவது சுலபம். அதற்கு விலை இடம்தான். சோனியில் 4கே 24 ஃப்ரேமுக்கு 240 எம்பிபிஎஸ் (ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட்), ஒரு மணி நேரத்துக்கு 108 ஜிபி. லாங் ஜிஓபி (சில ஃப்ரேம்களை மட்டும் முழுசாக வைத்து, மற்றவற்றில் மாறியதை மட்டும் எழுதுகிற முறை) எச்.264 என்றால் 100 எம்பிபிஎஸ், 45 ஜிபியில் முடிந்துவிடும். எச்.265 குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் அதன் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்கிற) 10 பிட் வடிவம்தான் பலரை அழவைக்கிறது. ஆப்பிள் எம் வரிசை சிப்களும் 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸும் அதை ஹார்ட்வேரிலேயே பிரிக்கும், என்விடியாவில் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் டைம்லைன் நகராமல் நிற்க வாய்ப்புண்டு. ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டுமான லேசான நகல் ஃபைல்) போடச் சோம்பல் இல்லாதவருக்கு நான் லாங் ஜிஓபி எச்.264-ஐத்தான் சொல்வேன். ஷாட்டை எண்ணி எண்ணி எடுக்கிறவர், ஹார்ட் டிஸ்க்குக்குக் கவலைப்படாதவர் ஆல்-இன்ட்ராவுக்குப் போகலாம்.

நொடிக்கு 24 ஃப்ரேமா, 25-ஆ என்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. தியேட்டர், விழா என்ற எண்ணம் இருந்தால் 24, டிசிபிக்கு (தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதி) அதுதான் தொல்லையில்லாதது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 24-க்கும் 1/50 ஷட்டரே போதும், விளக்கு மினுக்காது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. கூடுதலாக ஒரு கேமரா வாடகைக்கு வரும்போது மட்டும் அது 25-ல் கிடக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 60 ஃப்ரேமை ஸ்லோமோஷனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏ7 IV மாதிரி சில பாடிகளில் 4கே 60-க்குப் போனதும் ஃப்ரேம் சூப்பர் 35 (முழு ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார் பரப்பு) அளவுக்குச் சுருங்கும், அதை மறந்து லென்ஸ் போட்டால் வைட் ஷாட் மிட் ஷாட்டாகிவிடும்.

ஒயிட் பேலன்ஸ் மட்டும் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஆட்டோவில் கிடக்கக் கூடாது. ஷாட்டின் நடுவே நிறம் நகர்ந்தால் அதைச் சரிசெய்ய ஃப்ரேம் ஃப்ரேமாக உட்கார வேண்டிவரும், 10 பிட் லாக்காக இருந்தாலும் சரி.