சூப்பர் கமிட்டி, 2011 மாடல்: கழற்றிப் பார்த்த விமர்சனம்

பெயர்: பற்றாக்குறைக் குறைப்புக்கான கூட்டுத் தேர்வுக் குழு. புழக்கத்தில் 'சூப்பர் கமிட்டி'. தயாரித்தது: அமெரிக்க காங்கிரஸ், அதாவது அந்த நாட்டின் நாடாளுமன்றம். வெளியான நாள்: 2011 ஆகஸ்ட் 2. ஆயுள்: 2012 ஜனவரி 31 வரை. விலையைக் கடைசியில் சொல்கிறோம். ஏனென்றால் வாங்கியவர் ஒருவர், பணம் கட்டியவர் வேறொருவர்.

எதற்காக வந்தது என்பது பழைய கதை. அந்தக் கோடையில், அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை உயர்த்த இரண்டு கட்சிகளும் மல்லுக்கட்டின. கடைசி நேரத்தில் பிறந்த பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 269-161, செனட்டில் 74-26 என்று தேறியது. முதல் தவணையாகச் செலவுகளுக்கு ஆண்டு வாரியாக உச்சவரம்பு வைத்தார்கள். கஷ்டமான பாதியை, அதாவது வரியா, மருத்துவச் செலவா, ராணுவமா என்ற கேள்வியை, 12 பேரிடம் தள்ளிவிட்டார்கள். பத்து ஆண்டில் 1.5 லட்சம் கோடி டாலர் குறைக்க வழி சொல்வதுதான் அவர்களுக்கு வைத்த இலக்கு.

நம்மூர் ஜேபிசியோடு (நாடாளுமன்றக் கூட்டுக் குழு) இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜேபிசி அறிக்கை கொடுக்கும். அவை அதை ஏற்கலாம், திருத்தலாம், கிடப்பில் போடலாம். சூப்பர் கமிட்டி எழுதும் மசோதாவில் அவை ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மொத்தச் சர்ச்சையும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

உள்ளே இருக்கும் பாகங்களைப் பார்ப்போம். சபாநாயகர், பிரதிநிதிகள் சபைச் சிறுபான்மைத் தலைவர், செனட் பெரும்பான்மைத் தலைவர், செனட் சிறுபான்மைத் தலைவர் என்று நான்கு பேர். ஆளுக்கு மூன்று நியமனம். ஆக ஆறு ஜனநாயகக் கட்சியினர், ஆறு குடியரசுக் கட்சியினர். இணைத் தலைவர்கள் செனட்டர் பேட்டி முர்ரேயும் பிரதிநிதி ஜெப் ஹென்சார்லிங்கும். கோரம் 7. பதிலாள் ஓட்டு கிடையாது. அறிக்கை தேற வேண்டுமானால் 7 ஓட்டு.

ஓடும் விதம் கடிகார வேலை போல. நவம்பர் 23-க்குள் குழுவில் ஓட்டெடுப்பு. டிசம்பர் 2-க்குள் மசோதா அதிபருக்கும் அவைத் தலைவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். வழக்கமான குழுக்களுக்கு டிசம்பர் 9 வரை அவகாசம். அதற்குள் திருத்தாமல் திருப்பி அனுப்பாவிட்டால் மசோதா தானாகவே அவர்கள் கையை விட்டுப் போய்விடும். பிரதிநிதிகள் சபையில் 2 மணி நேர விவாதம். செனட்டில் 30 மணி நேரம், அதற்கு மேல் இழுக்க முடியாது. திருத்தம் இரண்டு அவையிலும் இல்லை. டிசம்பர் 23-க்குள் இறுதி ஓட்டு. செனட்டில் எதையும் நகர்த்தத் தேவைப்படும் 60 ஓட்டு இங்கே வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். நவம்பர் 23, டிசம்பர் 23 என்ற இரண்டு ஓட்டுக் கெடுவில் ஒன்றைத் தவறவிட்டாலும் இந்தச் சலுகைகள் எல்லாம் காலாவதி.

காகிதத்தில் பார்த்தால் நேர்த்தியான எந்திரம். வேகத்துக்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். முழு மதிப்பெண் கொடுக்காததற்குக் காரணம், நவம்பர் 23 என்பது நிஜக் கெடு அல்ல. சேமிப்புக் கணக்கைக் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே சட்ட வாசகம் நவம்பர் தொடக்கத்திலேயே தயாராக வேண்டும். முதல் கூட்டம் செப்டம்பர் 8-இல். இடையில் இருப்பது இரண்டு மாதம். அமெரிக்க வரிச் சட்டத்தை அறிந்த எவரும் இரண்டு மாதத்தில் அதைத் திருத்தி எழுதுவோம் என்று சொல்லமாட்டார்கள்.

இனி கோளாறுகள். முதல் கோளாறு அந்த 7 என்ற எண். இரு பக்கமும் ஆறு ஆறு. ஏழாவது ஓட்டு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தன் கட்சியை விட்டு எதிர்ப்பக்கம் போய்க் கைதூக்க வேண்டும். அவரை நியமித்தவர் அவருடைய கட்சித் தலைவர். அந்த ஒற்றைக் கையைத் தூக்கியவர் பெயர் தேசம் முழுக்கத் தெரியும். அடுத்த உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக நிற்க ஆள் ரெடியாக இருப்பார். இந்தப் 12 பேரில் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய இடம் தன்னை நியமித்த தலைவர். தொகுதி மக்கள் அதற்குப் பிறகுதான். பொறுப்பு இல்லாத அமைப்பு என்று விமர்சகர்கள் சொன்னது பாதி சரி. பொறுப்பு இருந்தது, தப்பான திசையில் இருந்தது.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. குழு தோற்றால் என்ன? 2012 ஜனவரி 15-க்குள் குறைந்தது 1.2 லட்சம் கோடி டாலர் சேமிக்கும் சட்டம் வராவிட்டால் தானியங்கி வெட்டு. கணக்கு இப்படி: 1.2 லட்சம் கோடியில் வட்டிச் சேமிப்புக்காக 18 சதவீதம் கழியும். மீதி 98,400 கோடி. அதை 9 ஆண்டாக வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 10,930 கோடி டாலர். அதில் பாதி ராணுவத்துக்கு, பாதி மற்ற துறைகளுக்கு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவ உதவி), முன்னாள் ராணுவத்தினர் சலுகைகள் போன்றவற்றுக்கு விலக்கு. மெடிக்கேரில் (முதியோர் மருத்துவக் காப்பீடு) 2 சதவீதத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது. மீதி இடங்களில், ராணுவம், மற்ற துறைகள் என்ற அந்தந்தப் பிரிவுக்குள் ஒரே சதவீத வெட்டு. எந்தத் திட்டம் உருப்படியானது, எது வீண் என்று பார்க்க இடமில்லை. யாருமே விரும்பாத அளவுக்கு முட்டாள்தனமாக இருந்தால்தான் எல்லோரும் பயந்து உடன்பாட்டுக்கு வருவார்கள் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம்.

பயம் வேலை செய்யவில்லை. காரணம் எளிது: கத்தி விழும் நாள் 2013 ஜனவரி 2. நடுவில் 2012 நவம்பரில் அதிபர் தேர்தல். தேர்தலில் ஜெயித்துவிட்டு நமக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட இடம் கிடைத்தது. புஷ் காலத்து வரிக் குறைப்புகளும் 2012 டிசம்பர் 31-இல் காலாவதியாகவிருந்தன; காத்திருந்தால் பேரம் பேசும் பலம் கூடும் என்ற நினைப்பு ஜனநாயகக் கட்சிக்கு. பயமுறுத்தும் ஆயுதத்தைப் பதினேழு மாதம் தள்ளி மாட்டினால் அது சுவர்க் கடிகாரம் மாதிரி ஆகிவிடும்: பார்ப்பார்கள், அசையமாட்டார்கள். 2011 நவம்பர் 21-இல் இணைத் தலைவர்கள் இருவரும் தோல்வியை அறிவித்தார்கள். ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ஆகவே யார் எதற்கு ஒப்புக்கொண்டார், யார் எதைத் தடுத்தார் என்று காட்ட ஒரு வாக்குப் பதிவும் இல்லை. தொகுதிக்காரர் எதை வைத்துக் கேள்வி கேட்பார்?

வெளிப்படைத்தன்மைக்கு 1. பொது விசாரணைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. வந்து பேசியவர்கள் பெரும்பாலும் கணக்கு நிபுணர்களும் முந்தைய குழுக்களின் தலைவர்களும். நிஜப் பேரம் மூடிய அறையில். நியாயமாகச் சொன்னால், பேரம் எங்கேயும் கேமரா முன்னால் நடப்பதில்லை, அது குறையல்ல. குறை என்னவென்றால், அந்த மாதங்களில் 12 பேரும் ஆதரவு திரட்டும் எந்தத் தரகரைச் (லாபியிஸ்ட்) சந்தித்தார்கள், யாரிடம் நன்கொடை வாங்கினார்கள் என்று உடனுக்குடன் வெளியிட இந்தச் சட்டம் தனி விதி எதுவும் வைக்கவில்லை. இவ்வளவு அதிகாரத்தை 12 பேரிடம் குவிக்கும்போது அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

'இது ஜனநாயகத்தையே ஒழித்துவிடும்' என்று அப்போது இரு பக்கமும் எழுந்த கூச்சலில் ஒரு மிகை உண்டு. 535 பேரில் 523 பேர் எழுதும் உரிமையை இழந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஓட்டுரிமையை இழக்கவில்லை. பெரும்பான்மை இல்லாமல் எதுவும் சட்டமாகியிருக்காது. இன்னொன்று, இந்த விரைவு விதிகள் எல்லாம் அந்தந்த அவையின் உள்விதிகள். அரசமைப்பின் முதல் பிரிவு ஒவ்வொரு அவைக்கும் தன் விதியைத் தானே வகுக்கும் அதிகாரம் தருகிறது. 2008 ஏப்ரலில் கொலம்பியா வர்த்தக ஒப்பந்தம் விரைவுப் பாதையில் வந்தபோது, பிரதிநிதிகள் சபை 224-195 என்று ஓட்டுப் போட்டு அந்தக் கடிகாரத்தையே நிறுத்திவைத்தது. பூட்டு இருக்கிறது, ஆனால் சாவி அவையின் சட்டைப் பையில்தான். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். பாதி நம்பிக்கையும் போய்விடும்.

இதே ரகத்தில் நன்றாக ஓடிய மாடல் ஒன்று உண்டு. ராணுவத் தளங்களை மூடும் ஆணையம், சுருக்கமாக பிராக். 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்று. ஐந்தும் நடைமுறைக்கு வந்தன. 1990 சட்டத்தின் கீழ் அது ஓடிய விதம்: பெண்டகன் பட்டியல் கொடுக்கும், ஆணையம் பொது விசாரணை வைத்துத் திருத்தும், அதிபர் முழுவதையும் ஏற்பார் அல்லது திருப்பி அனுப்புவார், பிறகு காங்கிரஸ் 45 நாளுக்குள் மொத்தமாக நிராகரிக்காவிட்டால் அமலுக்கு வரும். பட்டியலில் இருந்து ஒரு தளத்தை மட்டும் உருவ முடியாது. இதுவும் அவையின் கையைக் கட்டுவதுதான். பிறகு ஏன் இவ்வளவு வசை வாங்கவில்லை? தரவு முன்கூட்டியே மேசைக்கு வந்தது. எந்த ஊர் பாதிக்கப்படும் என்று அந்த ஊருக்கே தெரிந்தது, வந்து வாதாட நேரமும் கிடைத்தது. 2005-இல் தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த் விமானப்படைத் தளத்தை மூடச் சொன்னது பெண்டகன். விசாரணைக்குப் பிறகு ஆணையம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கேட்டதற்குப் பலன் இருந்தது. கேள்வியும் குறுகலானது: எந்தத் தளம், எந்தத் தேதி. வரி எவ்வளவு, முதியோர் மருத்துவம் எவ்வளவு என்பது அந்த வகைக் கேள்வி அல்ல. அதைத் தீர்க்கத்தான் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

2018-இல் புதிய மாடல் வந்தது, பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய நிதிகளின் நெருக்கடிக்காக. 16 பேர். இந்த முறை 7 ஓட்டுக் கோளாறைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி, இரண்டு கட்சியிலிருந்தும் தலா 5 ஓட்டு வேண்டும் என்று வைத்தார்கள். ஒற்றை ஆள் கட்சி மாறி மாட்டிக்கொள்ளும் ஆபத்து போனது. ஓஹையோவில் போய் நேரடி விசாரணையும் நடத்தினார்கள். நல்ல திருத்தங்கள்தான். ஆனால் தோற்றால் எதுவும் நடக்காது என்பதால் நவம்பர் 30 கெடு சும்மா கடந்து போனது. ஓய்வூதியதாரர்களுக்கு உதவி 2021-இல் வேறொரு சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. வேடிக்கை ஒன்று: இந்தக் குழுவை உருவாக்கிய அதே 2018 சட்டம்தான், மெடிக்கேர் செலவைக் குறைக்க 2010-இல் உருவாக்கிய விரைவு அதிகார வாரியத்தை ரத்து செய்தது. அந்த வாரியத்துக்கு எட்டு ஆண்டில் ஒரு உறுப்பினர்கூட நியமிக்கப்படவில்லை.

இனி யாராவது 'சிறப்புக் குழு, விரைவு அதிகாரம்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் விளம்பரத்தைப் பார்க்காமல் சட்ட வாசகத்தில் சில இடங்களைத் தேடிப் பாருங்கள். குழு ஓட்டுக்கும் அவை ஓட்டுக்கும் இடையே மசோதா பொதுமக்கள் கையில் எத்தனை நாள் இருக்கும்? சூப்பர் கமிட்டியில் அது ஒரு மாதம், மோசமில்லை. திருத்தம் முழுக்கத் தடையா, குறைந்தபட்சம் இரு கட்சி ஆதரவுள்ள திருத்தத்துக்காவது வழி உண்டா? குழுவுக்குள் ஓட்டு எப்படிப் பதிவாகும், ஓட்டெடுப்பே நடக்காமல் கலைய முடியுமா? 2011-இன் குறை இதுதான். தோல்வியையும் ஓட்டெடுப்பு வைத்துத்தான் அறிவிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கடைசியாக, தோற்றால் யாருக்கு வலிக்கும், எப்போது? வலி குழுவில் இருப்பவர்களுக்கு இல்லை என்றால் அந்தக் குழு அவசரப்படாது.

மாற்று வேண்டுமென்பவர்களுக்கு: 2013 டிசம்பரில் அதே பேட்டி முர்ரே, பிரதிநிதி பால் ரயனோடு உட்கார்ந்து, தானியங்கி வெட்டில் இரண்டு ஆண்டுக்குச் சுமார் 6,300 கோடி டாலரைத் தளர்த்தினார். வழக்கமான பட்ஜெட் மாநாட்டுக் குழு, வழக்கமான விதிகள். பிரதிநிதிகள் சபையில் 332-94, செனட்டில் 64-36. சின்ன உடன்பாடுதான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓட்டு இருக்கிறது.

விலை பாக்கி. ஜனவரி 2-இல் விழ வேண்டிய தானியங்கி வெட்டு 2013 மார்ச் 1-இல் தொடங்கியது; அந்த இரண்டு மாதத் தள்ளிவைப்பில் 2,400 கோடி கழிந்ததால் அந்த ஆண்டுக்குச் சுமார் 8,500 கோடி டாலர். ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் பள்ளிகளில் இடங்கள் குறைந்தன. அரசு ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் போனார்கள். ஏப்ரல் 21-இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் அந்த விடுப்பு தொடங்கி, விமானங்கள் தாமதமாயின. ஏப்ரல் 25-இல் செனட் ஒருமனதாக, மறுநாள் பிரதிநிதிகள் சபை 361-41 என்று, அந்த ஒரு வெட்டை மட்டும் நீக்கும் மசோதாவை நிறைவேற்றின. சிறப்புக் குழு இல்லை, விரைவு அதிகாரம் இல்லை. ஐந்து நாள். ஹெட் ஸ்டார்ட்டுக்கு அந்த வாரம் எந்த மசோதாவும் வரவில்லை.