ஊராட்சிக்கு ஃபைபரா, கடைக்கு வைஃபையா, வீட்டுக்கு மானியமா?

எண்ணூரில் மீன் விற்பவர் செய்யும் ரீசார்ஜிலிருந்தும் கிராமத்து இணையத்துக்கு ஒரு பங்கு போகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இதற்கென்றே அரசுக்குக் கட்டுகின்றன. 2002இல் தொடங்கிய அந்த நிதியின் இன்றைய பெயர் ‘டிஜிட்டல் பாரத் நிதி’. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியதும் இந்தப் பணத்தில்தான். எனவே சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர், காட்டூர், பழவேற்காட்டுக்காரர்கள் இணையம் கேட்பதைச் சலுகை கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். பணத்தை எந்த வழியில் செலவிட்டால் அது அவர்கள் வீடுவரை வந்து சேரும் என்பதே நாம் பேச வேண்டியது.

முதல் வழி, ஊராட்சி அலுவலகம்வரை ஃபைபர், அதாவது ஒளியிழைக் கேபிள். இன்று பாரத்நெட் எனப்படும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. நோக்கம் நல்லது, வடிவமைப்பில்தான் ஓட்டை. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஒரே நேர்கோடாகக் கேபிள் போனதால், நடுவில் சாலைப் பணிக்குப் பள்ளம் தோண்டி ஓரிடத்தில் அறுத்துவிட்டாலும் அதற்கு அப்பாலுள்ள ஊர்களில் எல்லாம் இணைப்பு போய்விடும். அலுவலகம்வரை வந்த கேபிளைத் தெருவுக்குள் கொண்டுபோவது யார் பொறுப்பு என்பதும் தெளிவாக இல்லை. போட்ட கிலோமீட்டரை எண்ணினார்கள். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது கணக்கில் பின்னுக்குப் போனது. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டத்தைத் திருத்தியபோதுதான் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிவரும் வளைய அமைப்பு, பத்தாண்டுப் பராமரிப்பு, வீட்டு இணைப்புகள் எல்லாம் உள்ளே வந்தன.

தமிழ்நாட்டில் இந்த வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் வேகம் என்பது திட்டம். கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலாகவே போகிறது. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் பழவேற்காடு கடலோரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாநகரத்தின் பல பகுதிகளிலேயே கைப்பேசிச் சேவை துண்டிக்கப்பட்டது. கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போகும். நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க இணையம் தேவைப்படும் நேரமும் அதுதான். கடலோர ஊர்களுக்காவது கேபிளை மண்ணுக்கடியில் போடுவதற்குக் கூடுதலாகச் செலவிடுவதை வீண் செலவாக நான் பார்க்க மாட்டேன்.

இந்தத் திட்டத்தின் இன்னொரு குறைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கடப்பாக்கம், இடையஞ்சாவடி, சடையங்குப்பம் ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. ஏரிக்கரையும் அகன்ற வெளியுமாக ஊரின் தோற்றம் இன்னும் கிராமம்தான். காகிதத்தில் அது மணலி மண்டலம். ஊராட்சிகளை எண்ணிப் பணம் ஒதுக்கும் திட்டத்தில் ஊராட்சியே இல்லாத ஊருக்கு இடமில்லை. வீடுகள் சிதறிக் கிடக்கும் இடங்களில் லாபம் குறைவு என்பதால் தனியார் நிறுவனங்களும் விரைந்து வருவதில்லை.

இத்தகைய ஊர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டப்படி, டீக்கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோ உரிமமும் பதிவுக் கட்டணமும் இல்லாமல் வைஃபை விற்கலாம். சில ரூபாய் கொடுத்தால் பிள்ளைகள் பாடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஊராட்சியா, மாநகராட்சியா என்ற கேள்வியே இதில் எழாது. ஆனாலும் இது பெரிதாகப் பரவவில்லை. 2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை இடங்கள் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை சொன்னது. அந்தக் கெடு முடிந்தபோது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கடைக்காரருக்கு வீட்டு இணைப்பு விலையில் இணையம் கிடைக்காததே முக்கியக் காரணம். நிறுவனங்களுக்கான விலையுயர்ந்த இணைப்பை வாங்கச் சொன்னால் சிறிய கடைக்குக் கட்டுப்படியாகுமா? 2025 ஜூனில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. முதல் ஓராண்டுக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்றுக்கொண்டால் இந்த வழி நிச்சயம் உயிர்பெறும்.

மூன்றாவது, வீட்டுக்கே மானியம். அமெரிக்கா ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர்வரை இணையக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தது. சுமார் 2.3 கோடி வீடுகள் சேர்ந்தன. 2024இன் நடுவில் நிதி தீர்ந்து திட்டம் நின்றது, அந்தச் சுமை குடும்பங்களின் தலையில் விழுந்தது. கேரளம் வேறு விதமாகப் போனது. அரசே கேபிள் வலையமைப்பை உருவாக்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்து, 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. முதல் கட்ட இலக்கு 14,000 வீடுகள்தான். மெதுவான நடைதான். ஆனால் மானியம் நின்றாலும் கேபிள் அரசின் கையில் இருக்கும்.

டவர் கட்டுவது நான்காவது வழி. சிக்னலே எட்டாத மலைக் கிராமங்களுக்கு அது உயிர்நாடி. நம் பக்கத்துக் குறை வேறு. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், அன்றைய டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது.

மீஞ்சூர் ஒன்றியத்துக்கு என் தேர்வு ஃபைபர்தான், ஒரு நிபந்தனையோடு. போட்ட கேபிளின் நீளத்தைப் பார்த்து ஒப்பந்ததாரருக்குப் பணம் தரக் கூடாது. மாதத்தில் எத்தனை நாள் இணைப்பு ஓடியது என்று பார்த்துத் தர வேண்டும். மாணவர் உள்ள ஏழை வீடுகளுக்கு மட்டும், கேபிள் வந்த பிறகு, மானியம் கொடுக்கலாம். மணலி மண்டலத்துக் கிராமங்களுக்குக் கடை வைஃபையை உடனே தொடங்கலாம். கூடவே, ஊராட்சி என்ற எல்லைக்குப் பதிலாக மக்கள் அடர்த்தியைக் கொண்டு திட்டத்தின் வரையறையை மாற்றக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ஊராட்சியில் வசிப்பவர்கள் அடுத்த கிராம சபையில், அலுவலகத்துக்கு வந்த இணைப்பு இன்று ஓடுகிறதா, பழுதானால் யாரிடம் புகார் செய்வது என்று கேட்டுப் பதிலைத் தீர்மானத்தில் எழுத வைக்கலாம். கடப்பாக்கத்தாருக்குக் கிராம சபை கிடையாது. மாநகராட்சியின் பகுதி சபை உண்டு. எங்கள் ஊர் எந்தத் திட்டத்தின் கணக்கில் இருக்கிறது என்று அங்கே எழுத்து வடிவில் கேளுங்கள்.